மணிக்கட்டில் ஓர் உளுந்து

எதிர் வீட்டு மருமகள் நித்திலா எப்போது சாப்பிடுகிறாள் என்பது அவள் புருஷனுக்குத் தெரியாது, மாமியாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் குடியிருப்பைக் கட்டிய புண்ணியவான், காற்று வரட்டும் என்று நடுவில் நெட்டாக ஒரு பொந்தை விட்டு, அதன் இருபுறமும் அடுப்படி ஜன்னல்களை எதிரெதிரே வைத்துவிட்டான். காற்று ஒரு நாளும் வந்ததில்லை. எதிர் வீட்டில் என்ன தாளிக்கிறார்கள், யார் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தாராளமாக வந்தது. தானாக வருவதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

அந்த ஆனி மாதம் முழுக்க நான் பார்த்தது அவளுடைய இடது மணிக்கட்டை.

மணிக்கட்டில் அப்படி என்ன என்றால், உளுந்து. மருத்துவமனைக்காரர்கள் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். தோலுக்கு அடியில் உளுந்தம்பருப்பு அளவில் ஒரு மணி. அது எரிந்தால் தோல் வழியாக வெளிச்சம் தெரியும். நாங்கள் உளுந்து என்றோம், கடைசியில் மருத்துவமனைக்காரர்களே உளுந்து என்றார்கள்.

சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிற பெண்களுக்கு வைப்பது அது. நீர்க்கட்டி என்றால் எங்கள் குடியிருப்பில் விளக்கம் தேவையில்லை. மாதக்கணக்கில் வராது, வந்தால் நிற்காது, கழுத்தில் கறுப்பு படரும், தாடையில் முடி முளைக்கும், காற்றைக் குடித்தாலும் எடை ஏறும். இதற்கெல்லாம் இன்னது சாப்பிடு, இன்னது சாப்பிடாதே என்று இத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டிருந்த டாக்டர்கள், எப்போது சாப்பிடுகிறாய் என்பதும் பெரிய சங்கதி என்று புதிதாகப் பிடித்துக்கொண்டார்கள். உளுந்து ரத்தத்தில் ஓடுகிற ஹார்மோன்களை ருசி பார்த்துக்கொண்டே இருக்கும். உடம்பு சோற்றுக்குத் தயாராக இருக்கும் நேரம் பச்சை எரியும். நேரம் முடியப்போகிறது என்றால் மஞ்சள். அளவோடு சாப்பிட்டு முடித்தால் அணைந்துவிடும்; சாப்பாட்டுக் கணக்கும் உடம்பும் ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு, அது எரிந்தால் வாயைத் திறக்கக் கூடாது, தண்ணீர் தவிர.

நல்ல யோசனைதான், நான் குறை சொல்ல மாட்டேன். பலருக்குக் குணம் தெரிந்தது. சிக்கல் என்னவென்றால் வெளிச்சம் வெளியே தெரிந்தது.

லிஃப்டில் ஏறினால் முகத்தைப் பார்த்த காலம் போய் எல்லாரும் கையைப் பார்த்தார்கள். கோயம்புத்தூர் வெயிலில் முழுக்கை ரவிக்கை திரும்பி வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தைக் கேட்பதற்கு முன்னால், வளையலைக் கொஞ்சம் மேலே தள்ளம்மா என்றார்கள். கல்யாணப் பந்தியில் சிவப்போடு இலை முன்னால் உட்கார்ந்த பெண்ணை, பரிமாறுகிறவனே ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு தாண்டிப் போனான். சிவப்பு என்றால் வியாதி என்று யாரும் நினைக்கவில்லை. தீனி என்று நினைத்தார்கள். வாயைக் கட்டத் தெரியாதவள் என்று அர்த்தம்.

இந்த விஷயத்தில் எங்களுக்கெல்லாம் உதாரண புருஷி ஒருத்தி இருந்தாள். மூன்றாவது மாடி நறுமுகை. ஏதோ கம்ப்யூட்டர் உத்தியோகம். கட்டினவனை விட்டுவிட்டு வந்து தனியாக இருந்தாள்; அவன் விட்டானா இவள் விட்டாளா என்பதில் எனக்கும் இரண்டாவது மாடி பிரபாவுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. அவள் உளுந்து சிவந்து பார்த்தவர் யாருமில்லை. எப்போது பார்த்தாலும் பச்சை, இல்லாவிட்டால் ஒழுங்காக அணைந்து கிடக்கும். "தனிக்கட்டை, கர்வக்காரி, ஆனா கட்டுப்பாடுன்னா அவகிட்ட கத்துக்கோணும்" என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த நாலு பேரில் நித்திலாவின் மாமியார் மேனகாவும் ஒருத்தி.

மேனகா ஒரு நாள் கறிவேப்பிலைக்கு வந்தாள். கறிவேப்பிலைக்கு வருகிறவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார மாட்டாள்.

"வேணியக்கா, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. இத பாருங்க" என்று போனை நீட்டினாள். உளுந்து சொல்வதெல்லாம் குடும்பத்தார் போனுக்கும் வரும்படி ஒரு வசதி உண்டு. வேண்டாம் என்றும் வைத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்று சொல்கிற மருமகள் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

போனில் வரிசையாகச் சிவப்பு.

"அடிக்கடி திங்கறான்னு வருதுங்க. காலைல, அதுக்கப்பறம், மத்தியானத்துக்கு முந்தி, பொழுதோட... மாடாட்ட மேய்ஞ்சாக்கூட இத்தன தடவை வராது. நான் பார்க்கறப்ப ஒரு வாய் திங்கறதில்ல. எங்கீங்க வெச்சுத் திங்கறா?"

"ஆளைப் பார்த்தா இளைச்சுப் போன மாதிரியல்ல இருக்கறா?"

"அதேதானுங்க எனக்கும் புரியல. கவின் கேட்டா, 'அம்மா, மிசின் பொய் சொல்லுமா'ங்கறான். நெசந்தானுங்களே, மிசினுக்கென்ன நம்ம மேல பகையா?" மேனகா குரலைத் தணித்தாள். "மலர்ச்சி ஆஸ்பத்திரில குழந்தை உண்டாக வைத்தியம் பார்க்கறதுக்கு இவ முறை வர்ற மாசமுங்க. அதுக்கு முந்தி வீட்டுக்கே ஆள் வந்து உளுந்தைப் பார்ப்பாங்களாம். சிவப்பா இருந்தா முறை போச்சு. அடுத்தது எப்பன்னு அவங்களுக்கே தெரியாதாம்."

"அப்பறம் என்ன ரோசனை?"

"ஆடிக்கு அவங்கம்மா வீட்டுக்கு அனுப்பறேன். தாராபுரத்துல போயி இருக்கட்டும்."

எனக்கு உள்ளே சுருக்கென்றது. ஆடிக்கு அனுப்புவது புதுப்பெண்ணை. கல்யாணம் ஆகி நாலு வருஷம் ஆனவளை அனுப்பினால் அதற்கு வேறு பெயர்.

"ஆவணிக்கு வந்துருவாளல்ல?" என்றேன்.

மேனகா கறிவேப்பிலையை உருவிக்கொண்டே, "அதை உளுந்து சொல்லட்டும்" என்றாள்.

இத்தனைக்கும் மேனகா கெட்டவள் இல்லை. நித்திலாவுக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரி பகலாகப் பார்த்தவள். ஆனால் பேரப்பிள்ளை என்ற ஒன்று இல்லாமல் விசேஷங்களுக்குப் போவது அவளுக்குப் பெரிய தலைகுனிவாகிவிட்டது. போகிற இடத்தில் எல்லாம் கேட்பார்கள். நானே கேட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து என் ஜன்னல் வேலை கூடிவிட்டது. துவரம்பருப்பில் கல் பொறுக்குகிற சாக்கில் நின்றேன். இப்போது பருப்பில் கல்லே வருவதில்லை என்பதை எங்கள் வீட்டுக்காரர் ஒரு முறை சுட்டிக்காட்டினார். அவர் அடுப்படிப் பக்கம் வராமல் இருப்பது நல்லது என்று நானும் சுட்டிக்காட்டினேன்.

நான் பார்த்தது இதுதான். காலையில் நித்திலா இட்லி ஊற்றுவாள். மாமனாருக்கு, கவினுக்கு, மாமியாருக்கு என்று சுடச்சுடப் போகும். அவள் உளுந்து அப்போது பச்சையாக எரிந்துகொண்டிருக்கும். பச்சை என்பதற்காக எல்லாரையும் முந்திக்கொண்டு தட்டைப் போட்டு உட்கார முடியுமா? எந்த மருமகள் உட்கார்ந்தாள்? அவர்கள் எழுந்த பிறகு தனக்கென்று இரண்டு இட்லியை எடுத்து வைப்பாள். அதற்குள் போன் அடிக்கும். தாராபுரத்து அம்மா.

"சாப்ட்டியா சாமி?"

"ஆச்சும்மா."

போனை வைத்துவிட்டு மணிக்கட்டைப் பார்ப்பாள். முகம் விழுந்துவிடும். இட்லியை மறுபடி பாத்திரத்தில் போட்டு மூடுவாள்.

மத்தியானமும் இதே கதை. அடுப்படி மேடையில் நின்றபடி தனக்குச் சோறு போட்டுக்கொள்வாள். கீழே காய்கறி வண்டிக்காரம்மா, "சாப்ட்டாச்சுங்களா அம்மிணி?" என்று கத்துவாள். இவள் ஜன்னலில் தலையை நீட்டி, "ஆச்சுங்க" என்பாள். திரும்பினால் சிவப்பு. சோறு மறுபடி பானைக்கு.

உள்ளதைச் சொன்னால் நானும் தினம் கேட்டேன். எதிரெதிர் ஜன்னலில் இரண்டு பெண்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டால் வேறு என்ன கேட்பது? "சாப்ட்டாச்சா நித்திலா?" "ஆச்சுங்க்கா." சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் நான் கேட்க வேண்டும், அவள் ஆச்சு என்று சொல்ல வேண்டும். இல்லை என்று சொல்லிப் பார்க்கட்டும். 'ஏன், மாமியா சோறு போடலையா? வீட்டுல சண்டையா? ஒடம்பு சரியில்லையா, விசேஷமா?' என்று நாலு கேள்வி வரும். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு இல்லை என்பது பதில் இல்லை, வீட்டின் மேல் புகார்.

இதெல்லாம் கண்ணெதிரே நடந்தும் எனக்குப் பொறி தட்டவில்லை. நான் பார்ப்பதற்குத்தான் கெட்டிக்காரி.

அந்தப் பெண் இளைத்துக்கொண்டே போனாள். பேச்சு குறைந்தது. சேலைப் பின்னை ஒரே தடவையில் குத்த வரவில்லை. நறுமுகை அலுவலகத்துக்குக் கிளம்பி வாசலைக் கடக்கும்போதெல்லாம் மேனகா மருமகளைக் கூப்பிட்டு, "அங்க பாரு, பச்சை" என்பாள். நித்திலா பார்ப்பாள். நறுமுகை யாரையும் பார்க்காமல் போவாள்.

ஒரு முற்பகலில் வடகம் காய வைக்க மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் நித்திலா சரிந்து கிடந்தாள். பக்கத்தில் ஈரத்துணி வாளி. முகம் துணி மாதிரியே வெளுத்திருந்தது. வடகத் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிப் போய்த் தலையை மடியில் எடுத்துப் போட்டேன்; வாளித் தண்ணீரை முகத்தில் அடித்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தாள்.

"அத்தைகிட்டச் சொல்லாதீங்க்கா" என்றாள் முதலில். அப்புறம்தான் மூச்சே விட்டாள்.

"காலைல என்ன சாப்ட்ட?"

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். பச்சை. நல்ல இளம்பச்சை.

"பச்சைதானே எரியுது, ஏதாச்சும் சாப்ட்டாச்சா இல்லையா?"

"ஆச்சுங்க்கா."

என் கண் அந்தக் கையில்தான் இருந்தது. அவள் வாய் மூடுவதற்குள் பச்சை போயிற்று, மஞ்சள் ஒரு கணம் துடித்தது, சிவப்பு வந்து உட்கார்ந்தது.

அவள் வாயில் எதுவும் போகவில்லை. ஒரு சொல் வெளியே வந்தது, அவ்வளவுதான்.

"நித்திலா, அந்த உளுந்துகிட்ட நீ பேசறதுண்டா?"

"சாப்ட்டா என்ன சாப்ட்டேன்னு அதுகிட்டச் சொல்லச் சொன்னாங்க. கையை வாய்கிட்டக் கொண்டு போயிச் சொல்லுவேன். ஆனா இப்பெல்லாம் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லையே" என்றாள். அழக்கூடத் தெம்பில்லாமல் சிரித்தாள். "நான் தின்னுட்டேன்னு அதுவா நெனச்சுக்குதுக்கா. எனக்கே சந்தேகமா இருக்குது. தூக்கத்துல எந்திரிச்சுப் போயித் திங்கறனோன்னு நேத்து அடுப்படிக் கதவுல நூலைக் கட்டிட்டுப் படுத்தேன்."

அந்த நூல்தான் என்னை ஆட்டிவிட்டது. பசியோடு படுத்துக்கொண்டு, தான்தான் திருடி என்று தன்னையே காவல் காத்திருக்கிறாள் இந்தப் பெண்.

வடகத்துக்குக் கரைத்து மீதி வைத்திருந்த கஞ்சி வீட்டில் இருந்தது. வா, குடி என்றேன். சிவப்பைக் காட்டி மறுத்தாள். ஆஸ்பத்திரி ஆள் மறுநாள் வருகிறாராம். இப்போது ஒரு வாய் குடித்து அது கணக்கில் ஏறினால் முறை போய்விடும். "நாளைக்கு வரைக்கும் தாங்கிருவேன்" என்று எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர், என்ன, யார் வீட்டில் என்ன என்று கேட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது ஒரு சின்னப் பெண். உக்கடத்துக்காரி, பெனாசிர் என்று பெயர். நான் ஒரு கிண்ணத்தில் கொள்ளுப் பருப்பு எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். பக்கத்து வீட்டுக்குள் நுழையக் கொள்ளுப் பருப்பை விட நல்ல சாவி இன்னும் யாரும் செய்யவில்லை.

கூடத்தில் மேனகா கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கவின் லீவு போட்டுவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். சுவரோரம் ஒரு பெட்டி, கட்டித் தயாராக. நித்திலா கையை நீட்டி வைத்திருந்தாள். பெனாசிர் ஒரு டேப்லெட் பலகையைப் பார்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"ரொம்பச் சாப்பிடறீங்களே மேடம். இப்பிடி இருந்தா நாங்க முறை குடுக்க முடியாதுங்க."

"அவ சாப்பிடலை" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"அந்த உளுந்துக்குக் காது எப்பவும் திறந்திருக்குமா, இல்ல நாம கூப்பிட்டாத்தான் கேக்குமா?"

"எப்பவும் கேக்குமுங்க. போட்டவங்க குரல் மட்டும்தான் அதுக்குக் கணக்கு. முதல்ல குடுத்த விளக்கத்துல சொல்லியிருக்கு. யாரும் படிக்கறதில்ல."

"யாராச்சும் சாப்ட்டாச்சான்னு கேட்டு, இவ ஆச்சுன்னு சொன்னா?"

"கேள்வியையும் சேர்த்து, ஒரு வேளை சாப்பாடுன்னு எழுதிக்கும். அதுக்குத்தானே காது?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் மாறிற்று. பலகையை அவசரமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "ஏனுங்க... நீங்க ஒரு நாளைக்கு எத்தன பேருகிட்ட ஆச்சுன்னு சொல்லுவீங்க?"

நித்திலா தலை நிமிரவில்லை. நான் சொன்னேன். "அவங்கம்மா, வண்டிக்காரம்மா, வாட்ச்மேன், பால்காரர், பிரபா, நான். நான் ரெண்டு தடவை."

"யா அல்லா" என்றாள் பெனாசிர். "இத பாருங்க. உடம்பு பசி பசின்னு கத்தியிருக்குது. பசி ஹார்மோன் கூரையைத் தொட்டுட்டு நிக்குது. வாய் சாப்ட்டேன் சாப்ட்டேன்னு சொல்லியிருக்குது. மிசின் வாயை நம்பிருச்சு. இத்தன சாப்ட்டும் உடம்பு இப்பிடிக் காட்டுதுன்னா சீக்கு முத்திப் போச்சுன்னு நெனச்சு, நேரத்தை இன்னும் இறுக்கியிருக்குது."

கவின் கேட்டான், "உடம்பை நம்பாம ஏன் வாயை நம்போணும்?"

"பொம்பளைங்க திருட்டுத்தனமா சாப்ட்டுட்டு மறைப்பாங்க, உள்ளதை வாய் தவறிச் சொன்னா அதைப் பிடிச்சுக்கோணும்னு அப்பிடி வெச்சிருக்காங்க சார். சாப்பிடாததை மறைப்பாங்கன்னு செஞ்சவங்களுக்குத் தோணலை. அவங்க ஊர்ல யாரும் யாரையும் இப்பிடிக் கேக்கறதில்ல போல."

மேனகா அதுவரை அசையவில்லை. இப்போது குரல் உயர்ந்தது. "என்ற வீட்டுல சோத்துக்குப் பஞ்சம்ங்கறீங்களா? பானை நெறைய ஆக்கி வெச்சிருக்குது. எடுத்துத் திங்க வேண்டாம்னு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலைங்கத்தை" என்றாள் நித்திலா, தரையைப் பார்த்து.

அது உண்மைதான். யாரும் சொல்லவில்லை.

பெனாசிர் பலகையை ஒதுக்கி வைத்தாள். "மேல சொல்லி இதைச் சரி பண்ண நாளாகும். ஆனா இன்னைக்கு ரிப்போர்ட் போயாகோணும். ஒரு வழி இருக்குதுங்க. இவங்க வாயாலயே, சாப்பிடலைன்னு ஒரு தடவை தெளிவாச் சொன்னா, மிசின் பழைய கணக்கை எல்லாம் சந்தேகப்பட்டுத் திருப்பிப் பார்க்கும். உடம்பு சொன்னதோட ஒத்துப் போச்சுன்னா சிவப்பெல்லாம் அழிஞ்சுரும். நான் கேக்கறேன், நீங்க உள்ளதைச் சொல்லுங்க. போதும்."

அவள் நித்திலாவின் கையை வாயருகே தூக்கிப் பிடித்தாள்.

"மேடம், சாப்ட்டாச்சுங்களா?"

நித்திலா வாயைத் திறந்தாள். மாமியாரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"ஆச்சுங்க" என்றாள்.

சிவப்பு இன்னும் கொஞ்சம் அழுத்தமாக எரிந்தது.

"ஐயோ, நித்தி!" என்றான் கவின்.

"வேணும்னு சொல்லலைங்க, அதுவா வந்துருச்சு. இன்னொருக்காக் கேளுங்க."

பெனாசிர் கேட்டாள். நித்திலா உதட்டைக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. ஆச்சு என்பதைவிட இரண்டெழுத்துக் கூடுதலாக இருக்கும் சாப்பிடலை என்ற சொல், அவளுக்கு மலையாகிவிட்டது. "ஆ..." என்று ஆரம்பித்து வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"இப்பிடியே போச்சுன்னா நான் சிவப்புன்னுதான் அனுப்போணும்" என்றாள் பெனாசிர், பாவமாக.

மேனகா எழுந்து அடுப்படிக்குப் போனாள். பானை மூடி திறக்கிற சத்தம் கேட்டது. இட்லிப் பாத்திரம் திறக்கிற சத்தம். அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை. திரும்பி வந்தபோது அவள் முகத்தில் கோபம் இல்லை. இத்தனை நாள் பழைய சோறு ஏன் மிஞ்சுகிறது, தான் ஏன் அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தோம் என்று யோசித்த முகம். கூடத்தின் நடுவில் நின்று மருமகளைப் பார்த்தாள். பிறகு, மருமகள் பார்த்தது யாரை என்று கவனித்தவள் போல, மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"வேணியக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கொஞ்சம் உங்க வீட்டுக்குப் போயிருங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. கண்டுபிடித்தவளே நான். பிறகு புரிந்தது. நான் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் ஒரு மருமகள் சாப்பிடவில்லை என்று சொன்னால், சாயங்காலத்துக்குள் அது இரண்டு பிளாக்குகளையும் சுற்றி, கால் கை முளைத்து, மேனகா மருமகளைப் பட்டினி போட்ட கதையாகத் திரும்பி வரும். அந்தக் கதையை யார் சொல்லியிருப்பார்கள் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை. எனக்கும் இல்லை.

எழுந்தேன். கிண்ணத்தைக்கூட எடுக்கவில்லை. எனக்குப் பின்னால் கதவைச் சாத்தினார்கள். காதை வைத்தேன். பொய் சொல்வானேன், வைத்தேன். நல்ல தேக்குக் கதவு, ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அடுப்படி ஜன்னலில் நின்றேன். எதிர் அடுப்படி காலியாக இருந்தது. வெகுநேரம் யாரும் வரவில்லை. சொல்ல முடியாமல் போய்விட்டதோ? பெட்டியைத் தூக்கிவிட்டார்களோ? வாசலில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் பக்கென்றது.

அப்புறம் நித்திலா வந்தாள். வந்து அடுப்படி நடுவில் சும்மா நின்றாள், விருந்தாளி மாதிரி. பின்னாலேயே மேனகா வந்து, ஒரு முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டாள். தட்டை எடுத்துச் சோறு போட்டாள். என் கொள்ளுப் பருப்பை ஊற்றினாள். நித்திலா உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். மேனகா கரண்டியோடு பக்கத்தில் நின்றாள். மாமனாரும் கவினும் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். தட்டைப் பிடித்த அவள் இடது கையில் பச்சை எரிந்தது.

மேனகா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஜன்னலை மூடுவாள் என்று நினைத்தேன். மூடவில்லை. ஆனால் ஒரு பார்வை பார்த்தாள். நான்தான் என் ஜன்னலைச் சாத்தினேன்.

அந்த விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. இதோ எழுதுகிறேனே என்று கேட்காதீர்கள். பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன், என் பெயர் உட்பட.

பெனாசிர் கிளம்பும்போது லிஃப்ட் அருகே பிடித்துக்கொண்டேன். முறை கிடைத்துவிடும் என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் சங்கத்துக்கு ஒரு கடிதம் வரும், மிசினைச் சரி பண்ணுகிற வரைக்கும் உளுந்து வைத்திருக்கிறவர்களிடம் யாரும் சாப்ட்டாச்சா என்று கேட்கக் கூடாது என்று.

"அப்பறம் என்னதான் கேக்கறது?"

"மழை வருமான்னு கேளுங்க" என்றாள்.

எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. "எல்லார் உளுந்தும் இப்பிடிக் கெட்டிருக்கோணுமல்ல? மூணாவது மாடி நறுமுகை மட்டும் எப்பிடிப் பச்சையாவே இருக்கறா? அவ உள்ளதைச் சொல்லுவாளா?"

பெனாசிர் பலகையைத் திறந்து பார்த்தாள். அந்த மாதிரி விவரத்தை எனக்குக் காட்டக் கூடாது, காட்டவும் இல்லை. ஆனால் அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அவங்க இதுல அந்தக் கேள்வியே இல்லீங்க" என்றாள். "வெச்ச நாள்லருந்து ஒருத்தர்கூடக் கேக்கலைங்க."

லிஃப்ட் வந்தது, அவள் போய்விட்டாள். நான் நின்றேன். வண்டிக்காரம்மா எங்கள் முதல் மாடி ஜன்னலைப் பார்த்துத்தான் கத்துவாள், மூன்றாவது மாடிக்குக் குரல் எட்டாது. நறுமுகைக்கு அம்மா வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை என்று பிரபாதான் சொன்னாள். மற்றபடி இந்தக் கட்டடத்தில் நான் கேட்காத ஆள் உண்டா? நாய்க்குட்டியைக்கூடக் கேட்டிருக்கிறேன்.

சங்கத்தின் தாக்கீது மறுநாளே லிஃப்டில் ஒட்டப்பட்டது. கேட்கக் கூடாது, மீறினால் செயலாளர் வருத்தப்படுவார். எல்லாரும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். அந்த வருஷம் மழையும் வரவில்லை.

தாக்கீது ஒட்டிய அன்று சாயங்காலம் நறுமுகை லிஃப்டுக்குள் வந்தபோது, மொட்டை மாடிக்குப் போக உள்ளே நான் மட்டும் இருந்தேன். தோளில் பை; கையில் பிரிக்காத பார்சல், இன்னும் சூடு ஆறாமல் வாசனை அடித்தது. மணிக்கட்டில் பச்சை. வழக்கம்போல யாரையும் பார்க்காமல் கதவைப் பார்த்து நின்றாள். எங்கள் இருவருக்கும் நேர் எதிரே செயலாளரின் தாக்கீது.

"சாப்ட்டாச்சா கண்ணு?" என்றேன்.

அவள் திரும்பவில்லை. வேறு யாரையோ கேட்கிறேன் என்று நினைத்தாள் போல. பிறகு லிஃப்டில் வேறு யாரும் இல்லை என்பது உறைத்து, மெதுவாக என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் கர்வம் எதையும் காணோம். நான் இத்தனை நாள் எதைப் பார்த்தேனோ தெரியவில்லை.

"ஆச்சுங்க்கா" என்றாள். பார்சல் கையில் இருக்கும்போதே.

பச்சை போயிற்று. மஞ்சள் துடித்தது. நறுமுகையின் மணிக்கட்டில் முதல்முறையாகச் சிவப்பு எரிந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, தப்பு பண்ணிட்டேன் கண்ணு. ஒண்ணுமில்ல, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு, அழிஞ்சுரும்."

மூன்றாவது மாடி வந்து கதவு திறந்தது. அவள் இறங்கவில்லை. கையைக் கண்ணருகே தூக்கி அந்தச் சின்ன வெளிச்சத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இருக்கட்டுங்க்கா" என்றாள். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."